சிக்னலிங் சர்வர்: பியர்சர்வரா, கைப்பட எழுதியதா?

இரண்டு பிரவுசர்கள் நேரடியாகப் பேசப்போகின்றன என்றாலும், ஒன்றையொன்று கண்டுபிடிக்க நடுவில் ஒரு தரகர் வேண்டும்: அதுதான் சிக்னலிங் சர்வர். அந்தத் தரகு எப்படி நடக்க வேண்டும் என்று வெப்ஆர்டிசி (பிரவுசர்கள் ஒலி, படத்தை நேரடியாகப் பரிமாறும் தொழில்நுட்பம்) சொல்வதில்லை, நம் பாடு என்று விட்டுவிடுகிறது. நடைமுறையில் வழி இரண்டு: வெப்ஆர்டிசியை எளிதாக்கும் லைப்ரரியான பியர்ஜேஎஸ்ஸோடு வரும் பியர்சர்வரை நிறுவுவது, அல்லது நோட்ஜேஎஸ்ஸில் டபிள்யூஎஸ் என்ற வெப்சாக்கெட் லைப்ரரியை வைத்து நாமே எழுதுவது. என் ஓட்டு இரண்டாவதற்கு.

பியர்சர்வர் பத்து நிமிட வேலை. என்பிஎம்மில் நிறுவி, போர்ட் 9000, ஒரு பாதை கொடுத்தால் ஓடும். பாதை இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். 404 வந்தால் முதலில் அங்கே பாருங்கள். ஆஃபர், ஆன்சர் (அழைப்பவரும் எடுப்பவரும் பரிமாறும் இணைப்பு விவரங்கள்) எதுவும் நம் கண்ணில் படாது. டெமோவுக்கு இதுவே போதும்.

கைப்பட எழுதும் சர்வரும் பெரிதல்ல, நூறு வரிக்குள் அடங்கும்: அறைக்கு ஒரு மேப், அதில் இரண்டு சாக்கெட் (ஒவ்வொரு பிரவுசருடனும் திறந்திருக்கும் இணைப்பு), ஒருவர் அனுப்புவதை மற்றவருக்குத் தள்ளுவது. சிரமமெல்லாம் பிரவுசர் பக்கம். ரிமோட் டிஸ்கிரிப்ஷன் (எதிர்ப்பக்கத்தின் இணைப்பு விவரம்) அமையும் முன்பே ஐஸ் கேண்டிடேட் (எந்த முகவரி வழியாக இணையலாம் என்ற குறிப்பு) வந்தால் சேர்க்கும்போது பிழை விழும். அதுவரை வரிசையில் பிடித்துவையுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் ஆஃபர் அனுப்பினால் மோதல். யார் விட்டுக்கொடுப்பது என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

இத்தனை மெனக்கெடல் எதற்கு? இணைப்பு அறுந்தபின் நடப்பதற்காக. பேசிக்கொண்டிருப்பவர் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறுகிறார். ஐஸ் நிலை 'டிஸ்கனெக்டட்' ஆகி, பிறகு 'ஃபெயில்ட்' ஆகும். ஐஸ் ரீஸ்டார்ட் செய்து, அதாவது இணைப்புப் பாதையை மீண்டும் தேடவைத்து, புது ஆஃபர் அனுப்பினால் அதே அழைப்பு மீளும். பியர்ஜேஎஸ்ஸோ 'ஃபெயில்ட்' கண்டதும் இணைப்பையே மூடிவிடும். மீண்டும் அழைப்பதைத் தவிர வழியில்லை.

இன்னொன்று ஐடி. நெட்வொர்க் சொல்லாமல் கொள்ளாமல் போனால் பழைய சாக்கெட் செத்தது சர்வருக்கு உடனே தெரியாது. பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தவர் அதே ஐடியோடு வந்தால், ஐடியோடு போகும் டோக்கன் (அடையாளச் சீட்டு) புதிது என்பதால், ஐடி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று பியர்சர்வர் திருப்பி அனுப்பிவிடும். கைப்பட எழுதினால், செஷன் டோக்கனை பிரவுசரில் சேமித்து, கடைசியாக வந்த சாக்கெட்டுக்கே இடம் என்று வைக்கலாம். ஒரு பொறி உண்டு: பழைய சாக்கெட்டின் குளோஸ் நிகழ்வு தாமதமாக வந்து புதியவரை மேப்பிலிருந்து அழித்துவிடும். அழிக்கும் முன், மேப்பில் இருப்பது அதே சாக்கெட்தானா என்று ஒப்பிடுங்கள்.

பிங் மட்டும் பியர்ஜேஎஸ்ஸின் பக்கம் நிற்கிறது: 5 வினாடிக்கு ஒருமுறை ஹார்ட்பீட்டைத் தானே அனுப்பும். நம் சர்வரில் 30 வினாடிக்கு ஒரு பிங் அனுப்பி, அடுத்த சுற்றுக்குள் பாங் வராத சாக்கெட்டை வெட்டிவிட வேண்டும். மறந்தால், முன்னால் இடைத்தரகு சர்வராக நிற்கும் என்ஜின்எக்ஸ் 60 வினாடி அமைதிக்குப் பிறகு அறுத்துவிடும். அதில் அப்கிரேடு, கனெக்ஷன் ஹெடர்களையும் எழுத வேண்டும். இது இரண்டு சர்வருக்கும் பொது.

ஒலி, படத்தை நடுவில் நின்று கடத்தும் டர்ன் சர்வரும் பொதுதான். கடுமையான ஃபயர்வாலுக்குப் பின்னால் இருப்பவரை எந்தத் தரகராலும் நேரடியாக இணைக்க முடியாது. கோடர்ன் என்ற டர்ன் மென்பொருள் என்றால் போர்ட் 3478, டிஎல்எஸ்ஸுக்கு 5349, ரிலேவுக்கு யூடிபி 49152 முதல் 65535 வரை. கடைசி வரம்பைத் திறக்கத்தான் பலர் மறக்கிறார்கள்: ரிலே கேண்டிடேட் ஒழுங்காக வரும், படம் மட்டும் வராது.

நான் சொல்வது இருவர் பேசும் அழைப்புக்கு. பத்துப் பேர் கூடும் அறைக்கு எஸ்எஃப்யு (ஒருவரின் படத்தை வாங்கி மற்ற எல்லோருக்கும் அனுப்பும் சர்வர்) தேவை, கணக்கே வேறு. இரண்டு சிக்னலிங் சர்வர்களும் இணைந்தவர்களின் பட்டியலை நினைவகத்தில்தான் வைக்கின்றன. ஒரே ப்ராசஸில் ஓட்டுங்கள். கிளஸ்டர் முறையில் இரண்டாக ஓட்டினால், அழைப்பவர் ஒன்றிலும் எடுப்பவர் மற்றொன்றிலும் உட்கார்ந்து காத்திருப்பார்கள்.