என்.ஐ.ஆர்.எஃப். தளம்: கல்லூரி தேடுபவர்கள் திறக்க வேண்டிய கோப்பு

பொறியியல் கல்லூரிகளை ஒப்பிட நான் அதிகம் நம்பியது உயர்கல்வி நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்தும் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். (தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பு) தளத்தைத்தான். 2016-லிருந்து தரவரிசைப் பட்டியல் வருகிறது. பார்க்கக் கட்டணம் இல்லை. பலரும் தரவரிசை எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். எனக்குக் கைகொடுத்தது கல்லூரிகள் சமர்ப்பித்த விவரங்கள் அடங்கிய பிடிஎஃப் கோப்புதான். அனுமதிக்கப்பட்ட இடங்கள், உரிய காலத்தில் பட்டம் முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள், மேற்படிப்புக்குப் போனவர்கள் என எல்லாம் அதில் இருக்கின்றன. முக்கியமாக, வேலை பெற்றவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் ஊதியம். ஒரு கல்லூரி தன் விளம்பரத்தில் மிக உயர்ந்த சம்பளத்தை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கோப்பில் இருந்த நடு ஊதியம் அதற்கு வெகு கீழே! யாரோ ஒருவருக்குக் கிடைத்த சம்பளத்தை நம்பி என் நான்கு ஆண்டுகளை ஏன் ஒப்படைக்க வேண்டும்?

விவரங்களைத் தருவது கல்லூரிகளே என்பதை மறக்கக் கூடாது. வேலைவாய்ப்பு எண்கள் துறைவாரியாக இல்லை. இயந்திரவியலும் கணினி அறிவியலும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பொறியியல் தரவரிசையில் ஆராய்ச்சிக்கு 30 விழுக்காடு மதிப்பு. இளநிலை படிக்கப்போகிற எனக்கு வகுப்பறைதான் பெரிது. அதை அங்கே படிக்கும் மாணவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.