‘முழு அலுமினியம்’ என்று விற்கப்படும் மலிவு விலை விசைப்பலகைகள்: ஓர் எச்சரிக்கை

முழுவதும் அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுக்கப்பட்டது என்ற வாசகத்தோடு இணையத்தில் விற்கப்பட்ட சிறிய மெக்கானிக்கல் விசைப்பலகை (ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுவிட்ச் உள்ள வகை) ஒன்றை வாங்கினேன். வந்து சேர்ந்த பொருளில் மேற்சட்டம் மட்டுமே அலுமினியம். அடிப்பாகம் வெள்ளி நிறச் சாயம் பூசிய பிளாஸ்டிக். எடை குறைவாக இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதற்காக அதன் உள்ளே ஓர் எஃகுத் தகட்டைப் பசையால் ஒட்டியிருந்தார்கள். அதே படங்களுடன் இதே விசைப்பலகை வேறு பெயர்களிலும் விற்பனைக்கு இருப்பதால், ஒரு பெயரைச் சொல்லி எச்சரிப்பதைவிட ஏமாற்று எங்கெங்கே ஒளிந்திருந்தது என்பதை விளக்குவதே பயன்படும் என்று நினைக்கிறேன்.

நான் வாங்கியது 65 சதவீத அளவு எனப்படும் வகை. 104 விசைகள் கொண்ட முழு விசைப்பலகையிலிருந்து எண் பகுதியையும் மேல்வரிசைச் செயல் விசைகளையும் நீக்கி, அம்பு விசைகளையும் அவற்றை ஒட்டிய ஓரிரு விசைகளையும் மட்டும் விட்டுவைத்தால் பெரும்பாலும் 67 அல்லது 68 விசைகள் மிஞ்சும். மேசையில் இடம் மிச்சமாகும் என்பதால் பலரும் இந்த அளவை விரும்புகிறார்கள். விளம்பரத்தில் அலுமினிய உடலோடு கேஸ்கெட் அமைப்பு, சால்டரிங் இல்லாமல் சுவிட்சை மாற்றும் வசதி, கம்பி, புளூடூத், 2.4 கிகாஹெர்ட்ஸ் என மூன்று வழி இணைப்பு, வியா மென்பொருள் ஆதரவு ஆகிய அனைத்தும் உறுதியளிக்கப்பட்டிருந்தன. சுவிட்சை மாற்றும் வசதி உண்மை. மூன்று வழி இணைப்பும் உண்மை. மற்றவற்றைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் வாங்குபவர்கள் அனைவரும் முதலில் நம்புவது அதைத்தான். விளம்பரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் என்று இருந்தது. தராசும் அதையே காட்டியது. ஆனால் எடை, பொருள் எதனால் ஆனது என்பதற்குச் சான்று ஆகாது. அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், எஃகின் அடர்த்தி ஏறத்தாழ 7.85 கிராம். 30 சென்டிமீட்டர் நீளமும் 9 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட எஃகுத் தகடு வெறும் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் இருந்தாலே ஏறத்தாழ 318 கிராம் இருக்கும். அதை ஒரு பிளாஸ்டிக் அடிப்பெட்டிக்குள் ஒட்டிவிட்டால், கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு அது கனத்த உலோகப் பொருளாகவே தோன்றும். தகட்டை வெட்டி ஒட்டும் செலவோ, அலுமினியக் கட்டியை இயந்திரத்தில் கடைந்து, மணல் வீசி மெருகேற்றி, அனோடைஸ் செய்யும் (மின்வேதி முறையில் காப்புப் படலம் ஏற்றும்) செலவில் மிகச் சிறிய பங்குதான்.

என் சந்தேகத்தைக் கிளப்பியது சத்தம். உண்மையான அலுமினிய விசைப்பலகையில், உள்ளே போதிய நுரை இல்லாவிட்டால், விசையை அழுத்திவிட்டவுடன் மெல்லிய மணியோசை போன்ற ஒரு ரீங்காரம் கேட்கும். அது உலோகத்தின் இயல்பு. இதிலோ ஸ்பேஸ் பாரைத் தட்டும்போதெல்லாம், சரியாக மூடாத பாத்திர மூடி அதிர்வது போன்ற ‘டர்ர்’ என்ற ஒலி அடியிலிருந்து வந்தது. முதலில் ஸ்டெபிலைசர்களைத்தான், அதாவது நீண்ட விசைகள் சாயாமல் தாங்கும் கம்பி அமைப்புகளைத்தான், சந்தேகித்தேன். அவற்றின் கம்பி முனைகளுக்கு கிரீஸ் இட்ட பிறகும் ஒலி குறையவில்லை. அடியிலுள்ள திருகுகளைக் கழற்றிய உடனேயே விஷயம் பாதி விளங்கிவிட்டது. அவை உலோகத்தில் மரை வெட்டிய துளைக்குள் செல்லும் நுண்மரைத் திருகுகள் அல்ல. பிளாஸ்டிக் தூணைத் தானே அறுத்துக்கொண்டு இறங்கும் அகல மரைத் திருகுகள். மூடியைப் பிரித்ததும் உட்புறத்தில் வலுவூட்டும் குறுக்கு விலாக்களும், அச்சிலிருந்து பிளாஸ்டிக்கைத் தள்ளி எடுக்கும் ஊசிகள் விட்டுச் சென்ற வட்டத் தழும்புகளும் தெளிவாகத் தெரிந்தன. கடைந்தெடுத்த உலோகத்தில் இந்தத் தழும்புகள் இருக்க வழியே இல்லை. நடுவில் எஃகுத் தகடு. அதன் ஒரு மூலையில் பசை விட்டுப்போயிருந்தது. அந்த மூலைதான் அதிர்ந்துகொண்டிருந்தது. பசை ஒழுங்காகப் பிடித்திருந்தால் இந்த மோசடி எனக்குத் தெரியாமலே போயிருக்கக்கூடும்.

பிரிக்காமலேயே இதைக் கண்டறியச் சில வழிகள் உண்டு. அலுமினியம் வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால் தொட்டவுடன் குளிர்ச்சியாக இருக்கும். மேற்சட்டத்தையும் அடிப்பாகத்தையும் ஒரே நேரத்தில் இரு கைகளால் தொட்டால், இரண்டும் வெவ்வேறு பொருள்கள் எனில் வேறுபாடு உடனே தெரியும். அடுத்தது காந்தம். அலுமினியத்தைக் காந்தம் ஈர்க்காது. வலுவான சிறு நியோடிமியம் காந்தத்தை அடிப்பாகத்தில் மெதுவாக நகர்த்திப் பார்த்தால், ஒட்டப்பட்ட எஃகுத் தகட்டின் விளிம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக்கூட உணரலாம். ஆனால் இச்சோதனையை மேற்புறத்தில் செய்யக் கூடாது. சுவிட்சுகள் பொருத்தப்படும் தகடு நல்ல விசைப்பலகைகளிலும் எஃகாக இருப்பதுண்டு, சுவிட்சுக்குள்ளே எஃகுச் சுருள்வில்லும் இருக்கிறது. மின்தடை அளக்கும் கருவி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அனோடைஸ் செய்த மேற்பரப்பு மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், வெளிப்பரப்பில் வைத்துப் பார்த்துவிட்டு உலோகமே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. திருகு உட்காரும் குழியில் பூச்சு தேய்ந்த இடத்தில்தான் சோதிக்க வேண்டும்.

கம்பியில்லா இணைப்பு குறையின்றி வேலை செய்தது. அதுவே ஒரு சாட்சி என்பது பிறகுதான் புரிந்தது. மூடிய உலோகப் பெட்டி வானொலி அலைகளைத் தடுக்கும். ஆகவே புளூடூத் உள்ள உண்மையான முழு அலுமினிய விசைப்பலகைகளில், ஆண்டெனா இருக்கும் இடத்துக்கு நேரே அடியிலோ பின்புறத்திலோ ஒரு பிளாஸ்டிக் துண்டைப் பதித்திருப்பார்கள். விளம்பரப் படங்களில் அப்படி எந்தச் சாளரமும் காணப்படாமல், மூன்று வழி இணைப்பும் உறுதியளிக்கப்பட்டிருந்தால், அடிப்பாகம் எதனால் ஆனது என்று விற்பவரிடம் கேட்பது நியாயமான கேள்வி.

கேஸ்கெட் அமைப்பு என்ற உறுதிமொழியும் சொல்லளவில்தான் இருந்தது. சுவிட்சுத் தகடு திருகுகளால் இறுக்கப்படாமல், மேல் கீழ் இரு பாகங்களுக்கும் இடையே மென்நுரைப் பட்டைகளின் மீது மிதந்தபடி இருப்பதுதான் கேஸ்கெட் அமைப்பு. தட்டும்போது சற்று நெகிழ்வும், சத்தத்தில் ஒரு சீர்மையும் கிடைப்பதற்காகவே அது. நான் பிரித்துப் பார்த்ததில் தகட்டின் ஓரங்களில் நுரைப் பட்டைகள் அழகாக ஒட்டப்பட்டிருந்தன. அதே சமயம் சர்க்யூட் போர்டு அடிப்பெட்டியின் தூண்களோடு திருகப்பட்டும் இருந்தது. இறுக்கிய பின்னர் நுரைக்கு அங்கே வேலையே இல்லை. படம் எடுத்தால் கேஸ்கெட் தெரியும், பயன்படுத்தினால் தெரியாது.

அடுத்து டைப்-சி இணைப்பு. பெட்டியில் வந்த கம்பி ஒரு முனையில் பழைய அகலமான டைப்-ஏ, மறுமுனையில் டைப்-சி. அதில் எல்லாம் இயங்கியது. இரு முனையிலும் டைப்-சி உள்ள கம்பியைச் செருகினால் சார்ஜும் ஏறவில்லை, கணினியும் விசைப்பலகையை அறியவில்லை. விற்பவர் என் கம்பி பழுது என்றார். அதே கம்பி மற்றக் கருவிகள் அனைத்திலும் ஒழுங்காக இயங்கியது. காரணம் எளியது. டைப்-சி விதிப்படி, மின்சாரம் பெறும் கருவியின் இணைப்பியில் சி.சி. எனப்படும் இரு முனைகளுக்கும் தலா 5.1 கிலோ ஓம் மின்தடையைத் தரையோடு இணைத்திருக்க வேண்டும். அதைக் கண்ட பிறகே எதிர்முனை மின்சாரம் தரும். என் சர்க்யூட் போர்டில் அந்தத் தடைகளுக்கான இடம் காலியாக விடப்பட்டிருந்தது. சில்லறைக் காசு பெறாத இரண்டு உதிரிகளை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரியில் எதை மிச்சம் பிடித்தார்களோ என்ற கவலை அதைப் பார்த்த பின்புதான் எனக்கு வந்தது. நான் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டேன்.

மென்பொருளில் ஏமாற்று இன்னும் கவலைக்குரியது. வியா என்பது, கியூ.எம்.கே. என்ற திறந்த மூல ஃபர்ம்வேரில் (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் நிரலில்) இயங்கும் விசைப்பலகைகளின் விசைகளை உலாவியிலேயே மாற்றி அமைக்க உதவும் மென்பொருள். என் விசைப்பலகையை அது கண்டுகொள்ளவே இல்லை. கேட்டபோது, முதலில் ஒரு வரையறைக் கோப்பை அனுப்பினார்கள். ஃபர்ம்வேரிலேயே ஆதரவு இல்லாதபோது அந்தக் கோப்பால் எந்தப் பயனும் இல்லை. பிறகு அரட்டை வழியே ஓர் இணைப்பைத் தந்து, அதிலுள்ள நிரலை நிறுவிக்கொள்ளுமாறும், எச்சரிக்கை வந்தால் வைரஸ் தடுப்பு மென்பொருளைச் சிறிது நேரம் நிறுத்திவைக்குமாறும் கூறினார்கள். நாம் தட்டும் ஒவ்வொரு கடவுச்சொல்லும் கடந்து செல்லும் ஒரு கருவிக்கு, யார் எழுதியது என்று தெரியாத நிரலை, பாதுகாப்பை அணைத்துவிட்டு நிறுவச் சொல்வதை எந்தச் சூழலிலும் ஏற்கக் கூடாது. நான் நிறுவவில்லை.

பணத்தைத் திரும்பக் கேட்ட கதை, இவ்வகை வணிகத்தில் அனுபவம் உள்ளவர்களுக்குப் புதிதாக இராது. முதலில் காணொளி கேட்டார்கள். அனுப்பிய பின், பெட்டியைப் பிரித்த நேரத்தில் எடுத்த காணொளி வேண்டும் என்றார்கள். அதன் பின், திருகுகளைக் கழற்றியதால் உத்தரவாதம் போய்விட்டது என்றார்கள். சுவிட்சையும் நுரையையும் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று விளம்பரம் செய்த பொருளுக்கு இப்படி ஒரு நிபந்தனை. விலையில் ஒரு சிறு பகுதியைத் திருப்பித் தருவதாகவும், அதற்கு முன்பாக நான் புகாரை முடித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்கள். புகாரை ஒருமுறை மூடினால் பெரும்பாலான விற்பனைத் தளங்களில் மீண்டும் திறக்க இயலாது. காலக்கெடு கடந்துவிட்டால் தளமும் தலையிடாது. பதில் தர ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொண்ட இழுத்தடிப்பின் நோக்கமும் அதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. திருப்பி அனுப்பும் செலவு என் தலையில் என்றும் தெரிவித்தார்கள். கனமான பொருளுக்கு அது எவ்வளவு ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த எஃகுத் தகட்டின் எடைக்கும் சேர்த்து நான்தான் கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும்.

ஆகையால் யாருக்கேனும் இந்நிலை நேர்ந்தால், பேச்சு முழுவதையும் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்; வேறு செயலிக்கு வருமாறு அழைத்தால் மறுத்துவிடுங்கள்; பணம் கணக்கில் சேரும்வரை புகாரை மூடாதீர்கள். வாங்கிய நாளின் விளம்பரப் பக்கத்தைத் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) சேமித்து வைத்திருந்ததால்தான், நீண்ட இழுபறிக்குப் பிறகு தளம் தலையிட்டு எனக்கு ஒரு பகுதிப் பணத்தையாவது பெற்றுத் தந்தது.

பின்னூட்டங்களைப் பற்றியும் ஒரு சொல். அந்தப் பக்கத்தில் பாராட்டுகள் ஏராளமாக இருந்தன. தேதிவாரியாக அடுக்கிப் படித்தபோது, பழையவற்றில் பல முற்றிலும் வேறான ஒரு பொருளைப் பற்றியவை என்பது தெரிந்தது. ஏற்கெனவே நற்பெயர் பெற்ற பக்கத்தில் பொருளை மட்டும் மாற்றிவிடும் பழக்கம் இது. வாங்கியவர்கள் பதிவேற்றிய படங்களில் ஒருவர்கூட அடிப்பாகத்தைக் காட்டவில்லை. மேலிருந்து எடுத்த அழகான படங்களே நிறைந்திருக்கும் பக்கத்தைச் சற்று ஐயத்தோடு பார்ப்பது நல்லது.

குறைந்த விலையில் நல்ல அலுமினிய விசைப்பலகையே கிடையாது என்று நான் சொல்லவில்லை. கடந்த சில ஆண்டுகளில் இவற்றின் விலை வெகுவாக இறங்கியிருக்கிறது. மேலும் கீழும் உண்மையான அலுமினியத்தில், ஒழுங்கான கேஸ்கெட் அமைப்போடு வருபவையும் இருக்கின்றன. அதேபோல், நன்றாகச் செய்த பிளாஸ்டிக் விசைப்பலகை எவ்விதத்திலும் இழிந்ததல்ல. பிளாஸ்டிக் என்று சொல்லியே இதை விற்றிருந்தால் எனக்குப் புகார் இருந்திருக்காது. வாங்கும் முன்னர் மேற்சட்டமும் அடிப்பாகமும் தனித்தனியே எந்தப் பொருளால் ஆனவை, எடை பொருளுடையதா பெட்டியோடு சேர்த்ததா, இருமுனை டைப்-சி கம்பியில் இயங்குமா என்பவற்றை எழுத்தில் கேட்டு, பிரித்து வைத்த அடிப்பாகத்தின் உட்புறப் படம் ஒன்றையும் கோருங்கள். ‘அலுமினியப் பலகம்’, ‘உலோகக் கட்டமைப்பு’, ‘உயர்தர உலோக உணர்வு’ போன்ற மழுப்பலான பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

இதை எழுதும் முன் அந்தப் பக்கத்தை மீண்டும் பார்த்தேன். ‘முழு அலுமினியம்’ என்ற சொற்கள் நீக்கப்பட்டு ‘உலோக உடல்’ என்று மாற்றப்பட்டுள்ளன. படங்களும், எடையும், பழைய பாராட்டுகளும் அப்படியே இருக்கின்றன, விற்பனையும் தொடர்கிறது.