கிரேக்க விளையாட்டு வீரர்கள் பற்றிய மயிலாப்பூர் வகுப்பு: தாராளமாகப் போகலாம்

ஞாயிறு மாலை, இரண்டு மணி நேரம், 300 ரூபாய். திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம், வண்டியில் போனால் மாட வீதிப் பக்கம் நிறுத்த இடம் கிடைக்காது. பழைய கிரேக்கத்தில் பந்தயத்தில் ஜெயித்தவர்கள் எப்படிப் படைத்தலைவர்கள் ஆனார்கள் என்பதுதான் தலைப்பு.

முதலில் குரோட்டன் நகரத்து மைலோ. தெற்கு இத்தாலியில் இருந்த கிரேக்க நகரம் அது. ஒலிம்பிக் மல்யுத்தத்தில் 6 முறை வென்றவர், கி.மு. 510-ல் அண்டை நகரமான சைபாரிஸ் மீது படையெடுத்தபோது வென்ற கிரீடங்களை எல்லாம் சூடி, சிங்கத்தோல் போர்த்தி, கையில் தண்டாயுதத்தோடு முன்னால் போனார் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதுகிறார். ஆனால் டியோடோரஸ் பல நூற்றாண்டு கழித்து எழுதியவர், எதிரிகள் 3 லட்சம் பேர் என்ற அவர் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம் என்று ஆசிரியர் சொன்னாரே, அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

அப்புறம் ஃப்ரைனோன். ஒலிம்பிக்கில் வென்ற ஏதென்ஸ் தளபதி, சிகியம் என்ற ஊருக்கான சண்டையில் மைட்டிலீனி நகரத் தளபதி பிட்டகஸோடு ஒற்றைக்கு ஒற்றை மோதினார். பிட்டகஸ் கேடயத்துக்குப் பின்னால் வலையை ஒளித்து வைத்திருந்து அவர் மேல் வீசிக் கொன்றதாகக் கதை. பட்டினப்பாக்கத்திலிருந்து கொண்டுவந்த வீச்சு வலையை ஆசிரியர் எடுத்து, முன்வரிசையில் இருந்த வாட்டசாட்டமான பையன் மேல் போட்டார். கையைத் தூக்கப் பார்த்தான், ஈயக்குண்டுகள் கீழே இழுக்க கண்ணிகளில் விரல்கள் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டான். உடல் பலம் எங்கே உதவாது என்று அந்த அரை நிமிடத்தில் புரிந்தது.

மைலோவின் அதே குரோட்டனைச் சேர்ந்த ஃபயில்லோஸ் கதைதான் எனக்கு உயர்வு. டெல்ஃபியில் நடந்த பித்தியன் போட்டிகளில் 3 முறை வென்றவர், கி.மு. 480-ல் பாரசீகர்களைக் கிரேக்கர்கள் எதிர்த்த சலாமிஸ் கடற்போருக்கு இத்தாலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரே கப்பலுக்குத் தலைவர். சுமார் 150 வருடம் கழித்து அலெக்சாந்தர் பாரசீகர்களைக் காகமேலாவில் வென்றதும், கொள்ளைப் பொருளில் ஒரு பங்கை அந்த உதவிக்காகக் குரோட்டனுக்கு அனுப்பினார் என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்கிறார்.

குறை இரண்டு. மைக் எதிரொலித்தது, பின்வரிசைக்குப் பாதிதான் கேட்டது. இரண்டாவதுதான் பெரிசு: ஃபிலோபோமென் பற்றி கடைசியில் அவசரமாகச் சொல்லி முடித்துவிட்டார். பயில்வானுக்கு நிறையத் தூக்கமும் வயிறு நிறையச் சாப்பாடும் வேண்டும், சிப்பாய் பசியையும் தூக்கமின்மையையும் தாங்கப் பழக வேண்டும் என்று கேட்டதும் விளையாட்டையே ஒதுக்கிய தளபதி அவர். மைலோவுக்கு நேர் எதிர்வாதம் இது, அதற்கு அரை மணி நேரமாவது தந்திருக்க வேண்டும்.

அடுத்த வகுப்பு, கி.மு. 416 ஒலிம்பிக்கில் 7 தேர்களை ஓடவிட்ட ஏதென்ஸ் தளபதி ஆல்கிபியாடிஸ் பற்றியாம். போகிறவர்கள் முன்வரிசையில் இடம் பிடியுங்கள்.