வினைச்சொல் பட்டியலா, தப்பு விடை நோட்டா?

டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் 7 பள்ளிகளும் சிபிஎஸ்இதான். நான் கணக்கும் அறிவியலும் எடுப்பது வேறொரு பள்ளியில் என்றாலும், ஆர்.கே.புரத்தில் தமிழர்களான நாலு ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் காபி ஆறுவதற்குள் பேச்சு வினாத்தாளுக்கு வந்துவிடும். 9, 10 வகுப்புகளில் பாதி மதிப்பெண் திறன் சார்ந்த வினாக்களுக்கு, அதாவது மனப்பாடமாக ஒப்பிக்காமல் படித்ததைப் பயன்படுத்தச் சொல்லும் கேள்விகளுக்கு, என்று ஆனதிலிருந்து எல்லாருக்கும் ஒரே தலைவலி. அப்படிக் கேள்வி எழுத எங்கே கற்றுக்கொள்வது? ஆசிரியருக்கு வருடத்துக்கு 50 மணி நேரப் பயிற்சி என்று கணக்கு இருக்கிறது. அதை எதில் செலவழிப்பது? நான் மூன்று வழிகளில் முயன்று பார்த்தேன்.

முதலாவது, நான் போன பயிற்சிகளிலெல்லாம் சொல்லிக்கொடுத்த ப்ளூம் பட்டியல்; சிந்தனையைப் படிப்படியாக வகைப்படுத்தும் இதற்கு ப்ளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளரின் பெயர். 1956இல் வந்து 2001இல் திருத்தப்பட்டது. நினைவுகூர்தலில் தொடங்கிப் படைத்தலில் முடியும் ஆறு படிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கொத்து வினைச்சொற்கள். இதில் உண்மையான லாபம் ப்ளூப்ரிண்ட், அதாவது எந்த வகைக் கேள்விக்கு எவ்வளவு மதிப்பெண் என்ற வினாத்தாள் திட்டம், போடும்போது தெரியும். என் பழைய யூனிட் டெஸ்ட் தாள் ஒன்றை எடுத்துக் கேள்விகளை வகைப்படுத்தினேன். 20 கேள்வியில் 16 வெறும் மனப்பாடம். வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனால் பட்டியல் நோயைக் காட்டுமே தவிர மருந்து தராது. ‘கூறுக’ இருந்த இடத்தில் ‘பகுத்தாய்க’ என்று மாற்றினால் கேள்வி உயர்ந்துவிடாது. தாவர செல்லையும் விலங்கு செல்லையும் ஒப்பிடச் சொல்கிறோம். பாடப்புத்தகத்திலேயே அட்டவணை இருந்தால் அது ஒப்பீடா, ஒப்பிப்பா? ஒருநாள் பயிற்சி ஒன்றில் எங்களை மதியம் வரை வினைச்சொற்களை நிறவாரியாகப் பிரிக்க வைத்தார்கள். ஒரு கேள்வியைக்கூட எழுதச் சொல்லவில்லை. சமோசா நன்றாக இருந்தது.

இரண்டாவது வழிக்குக் கட்டணம் இல்லை, சான்றிதழும் இல்லை. விடைத்தாள் திருத்தும்போது தப்பு விடைகளை, பிள்ளை எழுதியது எழுதியபடியே, ஒரு நோட்டில் குறித்துக்கொள்வது. அடுத்த கேள்வியை அந்த நோட்டிலிருந்து எழுதுவது.

தசம எண்ணில் ஒரு உதாரணம். 0.35, 0.8, 0.125 – இவற்றில் எது பெரியது? பல வருடம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ‘நீளமான எண்தான் பெரியது’ என்று நினைக்கும் பிள்ளை 0.125 என்று மாட்டிக்கொள்ளும். சரி. ஆனால் ‘இலக்கம் குறைந்தால் எண் பெரியது’ என்று நினைக்கும் பிள்ளையும் உண்டு, அது 0.8 என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விடும். தப்பான யோசனைக்கு நானே டிக் போட்டிருக்கிறேன். இப்போது 0.5, 0.75, 0.625 என்று கேட்கிறேன். நீளத்தை நம்புகிறவர் 0.625க்குப் போவார், குட்டையை நம்புகிறவர் 0.5க்குப் போவார், இடமதிப்பு தெரிந்தவர் 0.75ஐத் தொடுவார். மூன்று விடையும் மூன்று செய்தி. இந்த ஒரு கேள்வியைச் சரிசெய்ய எனக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அறிவியலிலும் அப்படித்தான். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் ஏன் துளிகள்? புத்தகத்தில் விடை இருக்கிறது, பிள்ளைகளும் ‘ஆவி சுருங்கல்’ என்று எழுதிவிடுவார்கள். என் நோட்டில் இருந்ததோ ‘தண்ணீர் கண்ணாடி வழியே கசிகிறது’. அதிலிருந்து வந்த கேள்வி: மே மாதத்தில் லூ என்ற வறண்ட அனல்காற்று அடிக்கும்போது அதே டம்ளரில் துளிகள் குறைவு, ஜூலை மழையில் டம்ளரே குளித்ததுபோல் நனைகிறது; கசிவுதான் காரணம் என்றால் இந்த வித்தியாசம் எப்படி வரும்? டெல்லிப் பிள்ளைக்கு இது வீட்டில் பார்த்த விஷயம். மனப்பாடம் இங்கே கைகொடுக்காது.

மூன்றாவது, பிள்ளைகளையே கேள்வி எழுத வைப்பது. ராத்ஸ்டீன், சந்தானா என்ற இருவர் 2011இல் இதைப் புத்தகமாக எழுதிப் பரவலாக்கினார்கள். ஆசிரியர் கேள்வி கேட்கக்கூடாது, ஒரு வாக்கியம் மட்டும் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் தோன்றுவதையெல்லாம் எழுதுவார்கள். நடுவில் விவாதமோ தீர்ப்போ கிடையாது. டெல்லியில் காளிந்தி குஞ்ச் பக்கம் யமுனையில் வெள்ளை நுரை மிதக்கும். கழிவுநீர்ப் பாடத்துக்கு ‘காளிந்தி குஞ்ச் யமுனையில் மிதப்பது பனி அல்ல’ என்று போர்டில் எழுதினேன். ‘சோப்பு நுரை உடையுமே, இது ஏன் உடையவில்லை?’ என்று ஒருத்தி எழுதியதை வைத்தே இரண்டு பீரியட் ஓடியது. பாடம் திட்டமிட இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. தேர்வுக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம். 40 பிள்ளைகளின் கேள்விகளில் மதிப்பெண் போடத் தகுந்தது இரண்டோ மூன்றோதான் தேறும்.

ஏஐ செயலி? ஒரு நிமிடத்தில் 30 கேள்வி தருகிறது. நான் கேட்டு வாங்கியவற்றில் தப்பு ஆப்ஷன்கள் பெரும்பாலும் எந்தப் பிள்ளையும் தொடாதவை. நோட்டிலுள்ள தப்புகளைக் கொடுத்துக் கேட்டால் தேறுகிறது. ஆக, அதற்கும் நோட்டு வேண்டும்.

என் ஓட்டு நோட்டுக்கே. தாளை முடித்தபின் சரிபார்க்க மட்டும் ப்ளூம். அப்புறம் இன்னொன்று. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, தாளில் ஆங்கிலம் என்று மூன்றில் வாழ்கிறார்கள். அச்சுக்குப் போகுமுன் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, கேள்வியை வாசித்து அதன் சொந்த மொழியில் சொல்லச் சொல்லுங்கள். போன தடவை ‘இவற்றில் எது அல்ல’ என்று நான் ஆங்கிலத்தில் எழுதிய கேள்வியை, விடை தெரிந்த பையனே ‘எது’ என்றுதான் படித்தான். அந்தக் கேள்வியைத் தூக்கிவிட்டேன்.