மோட்பஸ், புரொஃபிபஸ், புரொஃபிநெட்: எந்த லைனுக்கு எது?

லைனை இயக்கும் கம்ப்யூட்டரான பிஎல்சியையும் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்களையும் எந்த ஃபீல்டுபஸ்ஸில் (ஃபேக்டரிக் கருவிகள் பேசிக்கொள்ளும் கேபிள் நெட்வொர்க்) இணைப்பது என்று பேச ஆரம்பித்தால், பேச்சு உடனே வேகத்துக்குப் போய்விடுகிறது. நான் முதலில் பார்ப்பது வேறு. ராத்திரி லைன் நின்றால், கோளாறை யார், எதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள்?

மோட்பஸ் 1979-இல் மோடிகான் என்ற பிஎல்சி கம்பெனி கொண்டுவந்தது. இன்றும் எனர்ஜி மீட்டர், டெம்பரேச்சர் கன்ட்ரோலர், விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) என்று எதை வாங்கினாலும் பெரும்பாலும் மோட்பஸ் ஆர்டியூ (மோட்பஸ்ஸின் சீரியல் வடிவம்) பேசும் ஆர்எஸ்-485 என்ற சீரியல் போர்ட் இருக்கும். செலவும் குறைவு. ஆனால் 9600 பாட் வேகத்தில் (வினாடிக்கு 9600 பிட்) ஒரு மீட்டரிடம் 10 ரெஜிஸ்டர் (ஒவ்வொன்றும் 16 பிட் எண்) கேட்டு வாங்க ஏறக்குறைய 50 மில்லி வினாடி ஆகும். 20 மீட்டரைச் சுற்றி வர 1 வினாடி. கரண்ட் கணக்குக்கு இது தாராளம், ஓடும் கன்வேயரை நிறுத்த இதை நம்பக் கூடாது. அப்புறம், 32 பிட் எண் இரண்டு ரெஜிஸ்டரில் பிரிந்து வரும்போது எந்தப் பாதி முதலில் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மேனுவலில் 40001 என்றிருக்கும் ரெஜிஸ்டர் முகவரி கம்பியில் 0 என்று போகும். மீட்டர் அபத்தமான எண்ணைக் காட்டினால், வயரிங்கைப் பிரிக்கும் முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

புரொஃபிபஸ் டிபியில் இந்தக் குழப்பம் குறைவு. கருவியின் விவரம் அடங்கிய ஜிஎஸ்டி (GSD) ஃபைலை ஏற்றினால், எத்தனை பைட் உள்ளே, எத்தனை வெளியே என்பது பிஎல்சிக்குத் தெரிந்துவிடும். 12 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 1.2 கோடி பிட்) வரை போகலாம்; ஆனால் அப்போது ஒரு செக்மென்ட் (ஒரே தொடர் கேபிள்) 100 மீட்டர்தான். 1.5 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கினால் 200 மீட்டர் கிடைக்கும், பெரும்பாலான லைனுக்கு அதுவே போதும். இதன் பலவீனம் அந்த ஊதா கேபிளின் இரு முனைகளில் இருக்கிறது. சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் டெர்மினேட்டர் அங்கே மட்டும்தான் ஆனில் இருக்க வேண்டும். அதற்கு வேண்டிய 5 வோல்ட் கடைசிக் கருவியிலிருந்து வருகிறது. அந்தக் கருவியை ஆஃப் செய்தால், நன்றாக இருக்கும் ஸ்லேவ்களும் (பிஎல்சி கேட்டால் பதில் சொல்லும் கருவிகள்) விட்டுவிட்டுத் தொலையும். பாவம், நைட் ஷிஃப்ட் எலெக்ட்ரீஷியன் கார்டு கார்டாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். தனி பவர் கொடுத்த ஆக்டிவ் டெர்மினேட்டரை இரு முனையிலும் போட்டால் இந்தத் தலைவலி தீரும். செலவு பார்த்து இதை விடாதீர்கள்.

புது லைனுக்கு என் ஓட்டு புரொஃபிநெட்டுக்கு. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட், டெர்மினேட்டர் கிடையாது. புரோகிராமில் எந்தக் கருவி எதோடு இணைந்திருக்கிறது என்ற டோபாலஜியைச் சரியாகக் கொடுத்திருந்தால், கெட்ட மாட்யூலைக் கழற்றி ரீசெட் செய்த புதியதை மாட்டினாலே போதும். பக்கத்துக் கருவியை வைத்து அதற்கான பெயர் தானாக வந்துவிடும், லேப்டாப் தேவையில்லை. ஆனால் வரிசையாகக் கோத்த கருவிகளில் நடுவில் ஒன்று ஆஃப் ஆனால் பின்னால் உள்ளவையும் போய்விடும். அதற்கு, கேபிளை வளையமாக மூடும் எம்ஆர்பி (MRP) ரிங் உண்டு. 50 கருவி வரை 200 மில்லி வினாடிக்குள் மாற்றுப் பாதை திறக்கும். வாட்ச்டாக் நேரத்தை (தகவல் வராமல் பிஎல்சி பொறுத்திருக்கும் நேரம்) அதற்கு மேல் வைக்காவிட்டால், ரிங் போட்டும் லைன் நிற்கும்.

பல சர்வோக்கள் (துல்லியமாக நகரும் மோட்டார்கள்) ஒத்து ஓட வேண்டிய பேக்கிங் மெஷின் என்றால், ஈதர்கேட் என்ற இன்னொரு ஈதர்நெட் ஃபீல்டுபஸ்ஸைப் பாருங்கள். 2003-இல் பெக்காஃப் கம்பெனி வெளியிட்டது. ஸ்லேவ்களின் கடிகாரங்களை 1 மைக்ரோ வினாடிக்குள் ஒத்துப்போக வைக்கும்.

ஏற்கெனவே ஒழுங்காக ஓடும் புரொஃபிபஸ்ஸைப் பிடுங்க வேண்டாம். மீட்டர்களையும் மோட்பஸ்ஸிலேயே விட்டு, ஒரு கேட்வே (இரு நெட்வொர்க்குக்கும் இடையே மொழிபெயர்க்கும் பெட்டி) வழியாகப் புரொஃபிநெட்டுக்குக் கொண்டுவரலாம்.