அப்பாவின் கால்களைத் தூரத்திலிருந்து கவனித்த 16 மாதங்கள்

அப்பாவுக்கு 20 வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி பாதி போய்விட்டது, போதாததற்கு வலது காலில் ரத்தக்குழாய் அடைப்பு வேறு. கணுக்காலில் எடுத்த ரத்த அழுத்தத்தைக் கையில் எடுத்த அழுத்தத்தால் வகுத்துப் பார்த்ததில் 0.72 வந்தது, 0.9க்குக் கீழே போனாலே அடைப்பு என்றுதான் அர்த்தம். நான் இருப்பது வேறு ஊரில். அதனால்தான் வெப்பநிலை சென்சார் வைத்த காலுறையும், கணுக்காலில் கட்டும் பட்டையும் வாங்கினோம்.

எங்களைக் காப்பாற்றியது காலுறைதான். இரண்டு பாதத்திலும் ஒரே இடத்துச் சூட்டை ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் 2.2 டிகிரி செல்சியஸைத் தாண்டி மறுநாளும் அப்படியே இருந்தால், அங்கே புண் கிளம்பப் பார்க்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஏழாவது மாதம் இடது பெருவிரலுக்கு அடியில் 2.6 காட்டியது, அடுத்த நாள் 2.9. போன் செய்தால் "ஒண்ணும் இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு" என்கிறார், அவருக்குத்தான் வலியே தெரியாதே! அம்மா வீடியோ காலில் பாதத்தைத் திருப்பிக் காட்டினார். நகம் அளவுக்கு ஒரு சிவப்பு. அப்புறம் செருப்பைத் தடவிப் பார்த்தால் உள்தையல் பிரிந்து, நூல் முடிச்சாக உருண்டு கிடக்கிறது. அந்த இடத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார் மருத்துவர். 9 நாளில் சூடு இறங்கியது, தோல் உடையவே இல்லை.

ஆனால் ஒன்று, ரத்த ஓட்டம் குறைந்த காலில் புண் வந்தாலும் சூடு ஏறாமல் போகலாம். அதனால் வலது பாதத்தை அம்மா தினமும் கண்ணால் பார்ப்பதை நிறுத்தவே இல்லை.

பட்டை விஷயத்தில் எனக்கு அரை மனதுதான். தோலுக்குள் ஒளியைச் செலுத்தி நாடித் துடிப்பைப் படிக்கிறது, கால் சில்லிட்டிருந்தாலோ அசைந்தாலோ தடுமாறிவிடுகிறது. முதல் மாதம் நடுராத்திரியில் வந்த அலர்ட்டுகளால் நான் தூங்கவே இல்லை. இப்போது காலையில் போர்வைக்குள் 10 நிமிடம் அசையாமல் படுத்திருந்த பிறகு எடுக்கும் அளவை மட்டும்தான் பார்க்கிறேன். மருத்துவமனையில் எடுக்கும் அந்தக் கணுக்கால்-கை அழுத்த விகிதத்தை இது தராது, ஆப் காட்டும் மதிப்பெண்ணை அதுவாக நினைத்துவிடாதீர்கள்.

பட்டையில் உண்மையிலேயே உதவியது நடைக் கணக்கு. கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும்வரை நட, நின்று வலி அடங்கியதும் மறுபடி நட, இதுதான் அவருக்குச் சொன்ன பயிற்சி. ஆரம்பத்தில் 4 நிமிடத்துக்கு ஒருமுறை நின்றவர், ஐந்து மாதத்தில் 11 நிமிடம் நிற்காமல் நடந்தார். ஆப்பில் நடை நேரத்தைக் காட்டும் கோடு ஏறுவதைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே சாயங்காலமும் கிளம்ப ஆரம்பித்துவிட்டார்.

குறை என்றால், துவைத்ததில் இரண்டு சென்சார் போய்விட்டது, புகாருக்கு நிறுவனம் வாரக்கணக்கில் பதிலே சொல்லவில்லை. அதைவிட மோசம், காலுறையின் மேல்விளிம்பு ஆடுசதையில் பள்ளம் பதிகிற அளவுக்கு இறுக்கம். அடைப்பு இருக்கிற காலுக்கு இது ஆகவே ஆகாது. ஒரு சுற்றுப் பெரிய அளவாகக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வெளுத்துச் சில்லிட்டு வலித்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தாலோ, ஆப்பைத் திறக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போகவேண்டும். இதை எழுதி அம்மாவின் போன் கவருக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறேன்.