ஊடுருவல் கண்டறியும் வன்பொருள்: நினைவக அட்டவணையா, எஃப்பிஜிஏ சுற்றா?

வலையமைப்பில் வரும் தரவில் சந்தேகத்துக்குரிய எழுத்துத்தொடர்களைத் தேடும் ஸ்நார்ட் போன்ற ஊடுருவல் கண்டறியும் மென்பொருளின் விதிகளை வன்பொருளில் ஏற்ற இரண்டு வழிகள் பரவலாகப் பேசப்படுகின்றன. ஒன்றில், 1975இல் ஆஹோவும் கொராசிக்கும் வெளியிட்ட அல்காரிதத்தின்படி, தேட வேண்டிய சொற்கள் அனைத்தும் ஒரே நிலைமாற்ற அட்டவணையாக (இப்போதைய நிலையும் அடுத்த எழுத்தும் தெரிந்தால் அடுத்த நிலை எது என்று சொல்லும் பட்டியல்) நினைவகத்தில் அமர்கின்றன. மற்றதில், 2001இல் சித்துவும் பிரசன்னாவும் காட்டியபடி, உள்சுற்றை நாமே மாற்றியமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ சில்லிலேயே, விதியின் எழுத்துக்கு ஒரு ஃபிளிப்-ஃபிளாப் (ஒரு பிட்டை நினைவில் வைக்கும் சிறு சுற்று) எனச் சுற்று உருவாகிறது.

வெறும் சொற்களைத் தேடும்வரை அட்டவணையே போதும். ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது குறிப்பிட்ட சொல்லாக இல்லாமல் எழுத்துகளின் வடிவத்தைச் சொல்லும் கோவை, வந்தால்தான் சிக்கல். ‘ஏ என்ற ஆங்கில எழுத்தும் அதன்பின் ஏதேனும் 20 எழுத்துகளும்’ என்ற எளிய விதியின் ஒவ்வொரு பொருத்தத்தையும் தெரிவிக்க வேண்டுமானால், கடைசி 21 எழுத்துகளில் ஏ எங்கெங்கு வந்தது என்பதன் ஒவ்வொரு சேர்க்கைக்கும் அட்டவணையில் தனி நிலை தேவை. அதாவது 20,97,152 நிலைகள். நிலைக்கு 256 கட்டங்கள் (பைட்டின் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒன்று), கட்டத்துக்கு 4 பைட் என்று கணக்கிட்டால் 2 ஜிபி. ஒரே ஒரு விதிக்கு! எஃப்பிஜிஏவில் பல ஃபிளிப்-ஃபிளாப்புகள் ஒரே நேரத்தில் உயிர்ப்புடன் இருக்கலாம் என்பதால், சுமார் 22 போதும்.

வேகத்தில் பெரிய வேறுபாடில்லை: கடிகாரத் துடிப்புக்கு ஒரு பைட் வீதம் 250 மெகாஹெர்ட்ஸில் இரண்டும் நொடிக்கு 2 ஜிகாபிட் தரும், அட்டவணை சில்லின் உள்நினைவகத்தில் அடங்கினால். ஆனால் விதி மாறும்போது அட்டவணையைத் திருத்தி எழுதினாலே போதும். எஃப்பிஜிஏ சுற்றையோ மீண்டும் தொகுத்து ஏற்ற வேண்டும், பெரிய வடிவமைப்பில் அதற்கு மணிக்கணக்காகும். ஆகவே அடிக்கடி மாறும் சொற்பட்டியலுக்கு அட்டவணையையும், சிக்கலான கோவைகளுக்கு எஃப்பிஜிஏவையும் நான் தேர்வேன்.